சிவப்புப் பொட்டு வைத்த நட்டுகள்

ஜீப் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் முருகலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள். நாலு வருஷமாக வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையை அடைத்துக்கொண்டு கிடந்த சனியன் இன்றைக்குத்தான் வெளியே போனது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் அதில் ஏறிப் போயிருப்பது புருஷன் அருஞ்சுனையும் பன்னிரண்டு வயது மகள் சுவாதியும் என்று நினைத்தபோது அந்த நிம்மதி நிலைக்கவில்லை. விஜயதசமி நல்ல நாள், முதல் ஓட்டம் திருச்சுழியில் அக்கா வீட்டுக்குத்தான் என்று அருஞ்சுனை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவாதி முன் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து கையாட்டிவிட்டுப் போனாள்.

அருஞ்சுனைக்கு அருப்புக்கோட்டை பஜாரில் ஹார்டுவேர் கடை. நட்டும் போல்ட்டும் விற்றே வளர்ந்த மனுஷனுக்கு அவற்றை வைத்து ஒரு வண்டியே கட்டிவிட வேண்டும் என்று ஆசை வந்ததில் அதிசயம் இல்லை. மல்லாங்கிணறில் ஒரு பருத்தி வியாபாரியின் தோட்டத்தில் கோழி அடையக் கிடந்த பழைய ஜீப்பை, பதிவுக் காகிதமெல்லாம் உயிரோடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கி வந்தார். கடைசி ஆணி வரைக்கும் பிரித்துப் போட்டு, துருவைச் சுரண்டி, தகரத்தில் உடம்பைப் புதிதாக அடித்து, பச்சைப் பெயிண்ட் பூசித் திரும்பக் கோத்தார். மெக்கானிக் யாரையும் கொட்டகைக்குள் விடவில்லை.

முருகலட்சுமிக்கு அங்கே இருந்த ஒரே வேலை டார்ச் பிடிப்பது. எதைப் பார்த்துப் பிடிக்கிறோம் என்று தெரியாமலே நாலு வருஷம் பிடித்தாள். இது என்ன என்று கேட்டால், அது உனக்குப் புரியாது, கொஞ்சம் இடது பக்கம் காட்டு என்பார். கெட்ட மனுஷன் இல்லை. அவளுக்குச் சொல்லத்தான் அவருக்கு நேரம் வாய்க்காது. ஊரில் மற்ற எல்லாருக்கும் வாய்க்கும்.

மற்ற எல்லாரும் என்றால் அந்த வாட்ஸப் குழு. வீட்டிலேயே வண்டி கட்டுகிறவர்கள் என்று கன்னியாகுமரி முதல் ஓசூர் வரைக்கும் முந்நூறு பேர் அதில் இருந்தார்கள். கொட்டகையில் கற்றதையெல்லாம் எழுதிப் போடுங்கள் அண்ணாச்சி என்று அவர்கள் நச்சரித்ததில் அருஞ்சுனை ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தார். காலையில் கிளம்பும்போது அதை முருகலட்சுமி கையில் கொடுத்து, திரும்பி வருவதற்குள் போனில் டைப் அடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு முன்னால் அச்சாபீஸில் டைப் அடித்தவள் என்பது அவருக்கு இந்த மாதிரி நேரத்தில் மட்டும் ஞாபகம் வரும்.

அடுக்களையை ஒதுக்கிவிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பொடிப்பொடி எழுத்து. ஆனால் படிக்கப் படிக்கக் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது.

'கழற்றிய போல்ட்டை டப்பாவில் போடாதீர்கள். அட்டையில் அந்தப் பாகத்தின் படத்தை வரைந்து, எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுக் குத்தி வையுங்கள்.' அந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பட்டுச்சேலைப் பெட்டிகள் எல்லாம் மூடியில்லாமல் நிற்கின்றன.

'கை நுழையாத இடத்தில் நட்டு மாட்ட, ஸ்பேனருக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி அதில் நட்டை ஒட்டுங்கள். கீழே விழாது.' 'துருப்பிடித்த போல்ட்டைச் சூடுகாட்டி, மெழுகுவத்தியைத் தொட்டு வையுங்கள். மெழுகு உருகி உள்ளே இறங்கும், போல்ட் வழிக்கு வரும்.' 'எஞ்சினைத் திறந்தால் ஒவ்வொரு துவாரத்திலும் துணியை அடைத்து, எத்தனை துணி என்று சுவரில் எழுதுங்கள். மூடும்போது எண்ணி எடுங்கள்.' கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் ஏழு, ஒன்பது என்று கிறுக்கி வைத்திருந்ததற்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. இதைச் சொன்னால் எனக்கா புரியாது என்று நினைத்தாள். கோபம் வந்தது, கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது.

பதினாலாவது குறிப்பை அடிக்கத் தொடங்கினாள்.

'முதலில் எல்லா நட்டையும் கையால் மட்டும் முடுக்கி விடுங்கள். எல்லாப் பாகமும் சரியாக உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு முழுசாக இறுக்க வேண்டும். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு இருந்தால் முடிந்தது. பொட்டு இல்லாத நட்டோடு வண்டியை நகர்த்தக் கூடாது. ஞாபகத்தை நம்பாதீர்கள், பொட்டை நம்புங்கள்.'

'பொட்டை நம்புங்கள்' வரைக்கும் விரல் தானாக அடித்துவிட்டது. பிறகுதான் படித்தது மண்டைக்குள் இறங்கியது.

நேற்று ஆயுத பூஜை. அதற்கு முந்தின நாள் அருஞ்சுனை வண்டியின் முன்பக்கத்து அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடையிலிருந்து போன் வந்தது. கடையைக் கழுவ வந்த ஆட்கள் எந்த அலமாரியை நகர்த்துவது என்று தெரியாமல் நிற்கிறார்கள் என்றார்கள். போட்டது போட்டபடி ஓடினவர், மறுநாள் பூஜை முடிகிற வரைக்கும் கடையிலேயே கிடந்தார். வீட்டுப் பூஜையை முருகலட்சுமிதான் பார்த்தாள். அரிவாள்மணை, தையல் மிஷின், சுவாதியின் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் அதுதானே.

ஜீப்பைத் துடைத்துப் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசினாள். குனிந்து பார்த்தபோது முன்சக்கரத்துக்கு உள்ளே நட்டுகளில் சிவப்புப் பொட்டு தெரிந்தது. சிலதில் இருந்தது, சிலதில் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் சுவாதியின் நெயில் பாலிஷை அருஞ்சுனை எடுத்துக்கொண்டு போனபோது இது எதற்கு என்று அவள் கேட்டிருந்தாள். "அதுகளுக்குப் பொட்டு வைக்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பூஜைக்கு முன்னாலேயே வைக்க ஆரம்பித்து, கடைக்கு ஓடிய அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டார் போல என்று நினைத்தாள். பாதிக்குப் பொட்டு வைத்துப் பாதியை மூளியாக விட அவளுக்கு மனசு வரவில்லை. ஸ்பேனர் தட்டிலேயே அந்தச் சீசாவும் கிடந்தது. சாக்கை விரித்துப் படுத்து, கையை விட்டு, விட்டுப்போன நட்டுக்கெல்லாம் பொட்டு வைத்தாள். அவர் வைத்த அதே அளவில், அதே இடத்தில், துளி பிசகாமல் வைத்தாள். கோலத்தில் ஒரு புள்ளி கோணினாலே அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறவள் அவள்.

இன்று காலை அருஞ்சுனை டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பார்த்தது அவள் கண் முன்னால் வந்தது. காபி டம்ளரோடு பக்கத்தில் அவள்தான் நின்றாள். "அட, முன்பக்கமும் முடிச்சிட்டனா" என்று தனக்குள்ளேயே சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டார். நாலு வருஷமாகப் பகலெல்லாம் கடை, மிச்ச நேரமெல்லாம் கொட்டகை என்று உழைத்த மனுஷனுக்கு எதை எப்போது செய்தோம் என்பதே குழம்பிப் போயிருந்தது. அவளோ, பொட்டு நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றாள். சொல்லவில்லை. அவளும் நான்தான் வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

முருகலட்சுமி போனை எடுத்து அருஞ்சுனையைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். நோட்டிலேயே அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது, ஸ்டியரிங்கைப் பிடித்தால் போன் டூல்ஸ் பெட்டிக்குள் போக வேண்டும் என்று. ஐந்து தடவை கூப்பிட்டுவிட்டுத் திருச்சுழிக்கு, நாத்தனார் கோகிலாம்பாளுக்குப் போட்டாள்.

"மதினி, அவுக வந்துட்டாகளா?"

இன்னும் வரவில்லை, இட்லி ஆறுகிறது, எங்கே நிற்கிறார்கள் என்று கோகிலாம்பாள் இவளையே திருப்பிக் கேட்டாள். கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பஸ்ஸே அரை மணியில் போய்விடும். வந்ததும் உடனே கூப்பிடச் சொல்லுங்கள், வண்டியைத் திரும்ப எடுக்க விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. நோட்டையும் ஸ்கூட்டிச் சாவியையும் எடுத்தாள், வீட்டைச் சாத்தினாள், பூட்டினாளா என்பது பாதி வழி போன பிறகும் அவளுக்கு நினைவில்லை.

ஸ்கூட்டி டவுனைத் தாண்டும் வரைக்கும் மனசைப் பிடித்து வைத்திருந்தாள். ரோடு காலியானதும் அது அவள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக்கிடந்தது. புரட்டாசி வெயில் கண்ணைக் கூச வைத்தது. சீமைக்கருவேலம் அடர்ந்த ஓடைப் பக்கம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பச்சையாக எது தெரிந்தாலும் ஜீப்தானோ என்று பதறினாள். இந்த நிலத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் கருவேலம்தான் என்று தெரிந்தும் பதறினாள்.

எட்டு நட்டுக்குப் பொட்டு வைத்திருப்போமா? பத்தா? எந்தெந்த இடம்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்று போல இருந்தன. அதில் எது கழன்றால் சக்கரம் போகும், எது கழன்றால் சும்மா சத்தம் மட்டும் வரும், அவளுக்கு எப்படித் தெரியும். நாலு வருஷம் டார்ச் வெளிச்சத்தை அந்த நட்டுகள் மேல்தான் அடித்திருக்கிறாள். ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. ஜல்லி லாரி ஒன்று எதிரே இரைந்துகொண்டு வந்தபோது, சுவாதி உட்கார்ந்திருந்த பக்கம் கதவே கிடையாது, வெறும் சங்கிலிதான் என்பது ஞாபகம் வந்தது. முருகா முருகா என்று வாய் முணுமுணுத்தது. தான் பொட்டு வைத்ததும் அந்த முருகனை நினைத்துத்தான் என்பதில் அவளுக்கு முருகன் மேலேயே கோபம் வந்தது.

ஒரு வளைவில் ஏழெட்டுப் பேர் ரோட்டோரம் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியை எப்படி நிறுத்தினாள் என்று முருகலட்சுமிக்கே தெரியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், உரமூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று பின்சக்கரம் புதைந்து சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அங்கே நின்ற ஒரு அம்மாளிடம் பச்சை ஜீப் எதுவும் போனதா என்று கேட்டாள்.

போனதே, முன்னால் ஒரு பிள்ளை கையாட்டிக்கொண்டு போனது என்றாள் அந்த அம்மாள். எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம்தான் என்றாள். கொஞ்ச நேரம் என்றால் பத்து நிமிஷமா அரை மணியா என்று அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வண்டியை முறுக்கினாள்.

திருச்சுழிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ஜீப் தெரிந்தது. ரோட்டோரம் வேப்பமரத்தடியில், பானெட் திறந்து, ஒரு பக்கம் மண்ணில் இறங்கி நின்றது. உள்ளே யாரும் இல்லை. முன் சீட்டில் சுவாதியின் ரிப்பன் ஒன்று கிடந்தது.

"அம்மா" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டீக்கடை பெஞ்சில் சுவாதி கையில் உளுந்தவடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அருஞ்சுனை ஐந்தாறு பேருக்கு நடுவே நின்று, ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் நிறுத்திச் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். முருகலட்சுமி ரோட்டைக் கடந்து போய் மகளைக் கட்டிப் பிடித்தாள். எண்ணெய்க் கையோடு அந்தப் பிள்ளை என்னம்மா என்னம்மா என்று கேட்டது. உயிர் திரும்பி வந்ததில் முருகலட்சுமிக்கு முதலில் அழுகைதான் வந்தது.

வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே அருஞ்சுனை ஓடி வந்தார்.

"வண்டிய எடுக்காதீக. முன்னால இருக்கிற நட்டுல பாதிக்குப் பொட்டு வச்சது நானு. பூஜைக்கு வச்சேன்."

அருஞ்சுனைக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நோட்டை விரித்துப் பதினாலாவது குறிப்பில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"எத்தன வச்ச?"

"எட்டு இருக்கும். பத்துகூட இருக்கும்."

"எதெது?"

"எனக்கென்ன தெரியும். எல்லாம் ஒண்ணு போலத்தான இருந்துச்சு."

அவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். வரும் வழியில் ஓடைப் பாலத்தில் ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுத்தது, டயரில் காற்று குறைவு என்று நினைத்துக்கொண்டேன் என்று மெதுவாகச் சொன்னார். எதிரே பஸ் வந்த நேரம் அது என்பதைச் சுவாதி சொன்னாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது. பயத்தை மறைக்கிற ஆண்பிள்ளைக்குக் கோபம்தானே வரும்.

"யாரு ஒன்னய வைக்கச் சொன்னா?" என்று கத்தினார். டீக்கடையில் பேச்சு நின்றது.

முருகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் சொன்னீக, அதுகளுக்குப் பொட்டுன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னீக. இறுக்குனதுக்கு அடையாளம்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? முந்நூறு பேருக்குப் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கீக. முகந்தெரியாத ஆளுகளுக்கு. நாலு வருசம் டார்ச்சு பிடிச்சவளுக்கு ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா என் பிள்ள உக்காந்து போற வண்டியில நான் கைய வச்சிருப்பனா?"

அருஞ்சுனை ரோட்டைக் கடந்து போய், ஜீப்பிலிருந்து டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு, மரத்தடி மண்ணில் மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் நகர்ந்தார். சுவாதியிடம் பெஞ்சைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு முருகலட்சுமியும் பின்னால் போனாள். பழக்கதோஷத்தில் போனில் லைட்டைப் போட்டு நீட்டினாள்.

ஒரு நட்டில் ஸ்பேனரை வைத்தார். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. மூன்றாவதில் அரைச் சுற்று இறங்கியது. அவர் மூச்சு விடும் சத்தம் வெளியே கேட்டது. இப்படிக் குனிந்து நின்று லைட் காட்டுவது அவளுக்குத் திடீரென்று பொறுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த மண்ணிலேயே படுத்து அவளும் உள்ளே நகர்ந்தாள். அருஞ்சுனை தலையைத் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முன்சக்கரத்துக்கு உள்பக்கம், இரும்புச் சட்டத்தோடு ஒரு கனத்த பெட்டியைப் பிடித்திருந்த மூன்று நட்டுகள் அவள் முகத்துக்கு நேரே இருந்தன. மூன்றிலும் சிவப்புப் பொட்டு. நேற்று சாக்கை விரித்துக் கையை விட்டது இந்தப் பக்கம்தான் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நடுவில் இருந்ததைத் தொட்டாள். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரல் பட்டதும் சுற்றியது. மூன்று சுற்றில் கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் அது கொதித்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். தலைமாட்டில் ஒரு லாரி போனது. மண் பொலபொலவென்று முகத்தில் உதிர்ந்தது.

அதைக் கொடு, மாட்டுகிறேன் என்று அருஞ்சுனை கையை நீட்டினார். முருகலட்சுமி விரல்களை மூடிக்கொண்டாள்.

"மொதல்ல இது என்னன்னு சொல்லுங்க. எதுக்கு இருக்கு, கழண்டா என்னாகும், எல்லாஞ் சொல்லுங்க. அப்புறம் தாரேன்."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தக் கையாலேயே மேலே இருந்த பெட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஸ்டியரிங் பெட்டி" என்றார். "நான் திருப்புறத சக்கரத்துக்குச் சொல்றது இதுதான். இந்த மூணு நட்டுதான் இதப் பிடிச்சிருக்கு. மூணும் போயிருந்தா, நான் ஒரு பக்கம் திருப்ப, வண்டி ஒரு பக்கம் போயிருக்கும்."

முருகலட்சுமி மூடிய கையைத் திறக்காமல், அடுத்த நட்டின் மேல் லைட்டை அடித்தாள்.

"அது?" என்றாள்.